அம்மம்மாவின் குத்துவிளக்கும் யாத்திராகமம் 20:5உம்: தலைமுறைச் சாபம் என்று வேதத்தில் இருக்கிறதா?

கிருலப்பனைத் தம்பி

முதலே சொல்லிவிடுகிறேன், எந்தச் சபை, எந்த ஊழியக்காரர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சண்டை பிடிக்க வரவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்கிறேன்.

அக்காவுக்குக் கலியாணம் முடிந்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. வெள்ளவத்தையில் அவர்களுடைய பிளாட்டில் வெள்ளிக்கிழமைகளில் ஜெபக்கூட்டம் நடக்கும். போன கிழமை வெளியில் இருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். ஜெபம் முடிந்த பிறகு ஹோலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூலையில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கைக் காட்டி இது யாருடையது என்று கேட்டார். அது எங்கள் அம்மம்மாவுடையது. அம்மம்மா கடைசி வரைக்கும் சைவம், அம்மாதான் கலியாணத்தோடு வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தவ. 95இல் யாழ்ப்பாணத்தில் இருந்து சனம் எல்லாம் வெளிக்கிட்டபோது அம்மம்மா கையோடு கொண்டுவந்த இரண்டு மூன்று சாமான்களில் அந்த விளக்கும் ஒன்று.

அதைக் கேட்டதும் அவர் யாத்திராகமம் 20:5ஐத் திறந்து, தேவன் பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" விசாரிக்கிறவர் என்று வாசித்து, அம்மம்மா ஒன்று, அம்மா இரண்டு, நீ மூன்று என்று அக்காவுக்கு முன்னாலேயே விரல் விட்டு எண்ணினார். அதனால்தான் கர்ப்பம் அடைபட்டிருக்கிறதாம். விளக்கை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, முடிந்தால் அழித்துவிட வேண்டுமாம், அதற்கு ஆதாரம் எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களை எரித்த அப்போஸ்தலர் 19:19. பிறகு மூன்று நாள் உபவாசம், சாப முறிவு ஜெபம்.

அக்கா இரவு முழுக்க அழுதா. அத்தான் வாயே திறக்கவில்லை. நான் விளக்கைப் பழைய சாரம் ஒன்றில் சுற்றிக்கொண்டு ஓட்டோ பிடித்து என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் பிரச்சினை இதுதான். வசனம் இருக்கிறது, நானே வாசித்தேன். மூன்றாம் நான்காம் தலைமுறை என்று எழுதியே இருக்கிறது. வேதம் தேவனுடைய வார்த்தை என்று நம்புகிறவன் அதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

பழைய மெதடிஸ்ட்

தம்பி, பயப்படாதேயும். நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவம் படிப்பித்தவன், இந்த வசனத்தோடு அழுதுகொண்டு வந்த தாய்மார் பல பேரைக் கண்டிருக்கிறேன்.

போனில் வேண்டாம், புத்தகத்தை எடுத்து விரல் வைத்து 4ஆம் வசனத்தில் தொடங்கி 6ஆம் வசனம் முடியுமட்டும் வாசியும். மோசே எண் போட்டு எழுதவில்லை. இன்று நாம் பாவிக்கிற வசன எண்களை 16ஆம் நூற்றாண்டு அச்சுக்காரர்தான் பரவலாக்கினார்கள். தேடி எடுக்க வசதி, ஆனால் ஒரு வாக்கியத்தைப் பாதியில் அறுத்து எடுத்துக்கொண்டு போகவும் அதே வசதி. உங்கள் ஊழியக்காரர் அறுத்த இடத்தைப் பாரும். "மூன்றாம் நான்காம் தலைமுறை"க்கு முன்னால் "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்று இருக்கிறது. அதை விழுங்கிவிட்டார். அடுத்த வசனத்தில், அன்புகூருகிறவர்களுக்கு "ஆயிரம் தலைமுறைமட்டும்" இரக்கம் என்று இருக்கிறது. அதையும் விழுங்கிவிட்டார். அம்மா கலியாணத்தோடு வேதத்துக்கு வந்தவ என்று நீரே எழுதியிருக்கிறீர். சரி, அப்படியென்றால் அக்கா நிற்பது எந்தக் கணக்கில்? நாலிலா, ஆயிரத்திலா?

இன்னொன்று. மூன்று நான்கு தலைமுறை என்பது அந்தக் காலத்தில் ஒரு மனிதன் கண்ணை மூடுமுன் தன் கண்ணால் காணக்கூடிய ஆட்கள். யோசேப்பு எப்பிராயீமின் மூன்றாம் தலைமுறையைக் கண்டான், யோபு நான்கு தலைமுறையைக் கண்டான். ஒரே முற்றத்தில் இருக்கிற ஒரு வீட்டார். குடும்பத் தலைவன் விக்கிரகத்துக்குப் பின்னால் போனால் அந்த முற்றம் முழுக்க அதில் இழுபடும் என்பதுதான் எச்சரிக்கை. செத்துப்போன ஒரு கிழவியிடம் இருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பேர்த்தியின் வயிற்றுக்கு எண்ணி வருகிற சூத்திரம் அது இல்லை.

பிறகு எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுவதையும் வாசியும். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட சனம், அப்பாமார் செய்த வினைக்கு நாங்கள் அனுபவிக்கிறோம் என்று பழமொழி சொல்லிக்கொண்டு இருந்தது: "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின." இனி இந்தப் பழமொழியே சொல்லக் கூடாது என்று கர்த்தர் சொல்கிறார். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." இதைவிட வெளிச்சமாக எப்படிச் சொல்வது?

ஜெபவீரன்

ஐயா, உங்கள் படிப்புக்கு மரியாதை. ஆனால் நீங்கள் படிப்பித்த பள்ளிக்கூடத்தில்தான் நானும் கிறிஸ்தவம் படித்திருப்பேன், பரீட்சையில் பாஸ், வாழ்க்கையில் பெயில். என் அப்பா குடித்துச் செத்தவர். அப்பப்பாவும் அப்படித்தான். நானும் 34 வயது மட்டும் அதே பாதையில். ஒருநாள் ஒரு பாஸ்டர் என் தலையில் கை வைத்து இந்தத் தலைமுறைக் கட்டு இயேசுவின் நாமத்தில் அறுகிறது என்று ஜெபித்தார். இன்றைக்குப் பதினோரு வருடம், ஒரு சொட்டு இல்லை. என்னைக் குடியில் இருந்து எடுத்தது வியாக்கியானப் புத்தகம் இல்லை.

வேதத்தை வேதத்தால் விளக்க வேண்டும் என்றால் எல்லா வசனத்தையும் போடுங்கள். புலம்பல் 5:7, "எங்கள் பிதாக்கள் பாவஞ்செய்து மாண்டுபோனார்கள், நாங்கள் அவர்களுடைய அக்கிரமங்களைச் சுமக்கிறோம்." சுமக்கிறோம் என்றுதானே இருக்கிறது? 2 சாமுவேல் 21ஐ எடுங்கள். சவுல் கிபியோனியருக்குச் செய்த கொலைக்கு, சவுல் செத்த பிறகு, தாவீதின் நாளில் மூன்று வருடம் பஞ்சம். சவுலின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஏழு பேரைத் தூக்கில் போட்டார்கள். இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?

சைவக்காரி

நான் உங்கள் ஆள் இல்லை, வேறு எதையோ தேடி இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு ஆறு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது எங்கள் சாத்திரியார் நாகதோஷம் என்றார், இன்னொருவர் பித்ரு தோஷம் என்றார், இரண்டுக்கும் பரிகாரம் தனித்தனி, காசும் தனித்தனி. உங்கள் ஐயா சொல்வது அதேதானே, பெயர்தான் வேறு? எங்களில் இருந்து எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

விளக்கு பாவம். அதை உருக்கிவிடாதீர்கள்.

பழைய மெதடிஸ்ட்

@சைவக்காரி பிள்ளை, நீர் அடித்த அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. எசேக்கியேலும் இதைத்தான் வேறு பாஷையில் சொன்னார்.

@ஜெபவீரன் தம்பி, உம்முடைய சாட்சியை நான் ஒரு நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன், பதினோரு வருடம் என்பது பெரிய காரியம். ஆனால் இரண்டு சாமானை ஒரே பையில் போடுகிறீர். அப்பா பட்ட கடன் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டும், அது உண்மை. குடி, அடி, கோபம் எல்லாம் பிள்ளை பார்த்துப் பழகுவது. அதைக் கட்டு என்று சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அப்பாவின் குற்றத்துக்குப் பிள்ளை தேவனுக்கு முன்னால் குற்றவாளி என்பது வேறு. எசேக்கியேல் மறுப்பது இந்த இரண்டாவதை.

புலம்பல் 5:7ஐப் போட்டீர், நல்லது. அதே அதிகாரத்தில் 16ஆம் வசனம் "எங்களுக்கு ஐயோ, நாங்கள் பாவஞ்செய்தோமே" என்கிறது. ஒரே ஜெபத்துக்குள் அப்பாமார் என்றும் சொல்கிறான், நாங்கள் என்றும் சொல்கிறான். எருசலேம் எரிந்து கிடக்கிறபோது வயிறு எரிந்து கத்துகிறவனுடைய வார்த்தையை எடுத்துச் சட்டப் புத்தகம் மாதிரி வாசிக்கக் கூடாது. செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கிறவளிடம் போய் நீ சொன்னதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பீரா?

2 சாமுவேல் 21 கஷ்டமான இடம்தான், தப்பி ஓட மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் என் கண் போய் நிற்பது ரிஸ்பாளில். தன் பிள்ளைகளின் உடலைப் பறவையும் மிருகமும் தொடாதபடி இரவும் பகலும் காவல் இருந்த தாய். தாவீது அதைக் கேள்விப்பட்டு, சவுல், யோனத்தானின் எலும்புகளையும் அந்தப் பிள்ளைகளின் எலும்புகளையும் எடுத்து வந்து, தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம் பண்ணுவிக்கிறான். தேசத்துக்காகத் தேவன் வேண்டுதலைக் கேட்டது அதற்குப் பிறகு என்று 14ஆம் வசனம் சொல்கிறது. தூக்கில் போட்ட உடனே என்று சொல்லவில்லை. நடந்ததை வேதம் எழுதி வைத்திருக்கிறது என்பதற்காக நீயும் போய் அப்படிச் செய் என்று அர்த்தம் இல்லை. உபாகமம் 24:16 பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்கிறது. அமத்சியா ராஜா அந்த நியாயப்பிரமாணத்தைக் காட்டியே தன் தகப்பனைக் கொன்றவர்களின் பிள்ளைகளை விட்டுவிட்டான், அது 2 இராஜாக்கள் 14இல் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அந்தோனி

குருமடத்தில் மூன்று வருடம் இருந்து பாதியில் வெளியே வந்தவன் என்ற தகுதியில் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

இந்த முரண் நாம் கண்டுபிடித்தது இல்லை, யூத ரபிமாரே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ரபிமாரின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூதில் மக்கோத் என்ற பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. மோசே இஸ்ரவேலின் மேல் நான்கு தீர்ப்புகள் சொன்னார், நான்கு இறைவாக்கினர் வந்து அவற்றை நீக்கினார்கள் என்று ஒரு ரபி சொல்கிறார். அதில் ஒன்று அப்படியே இதுதான்: மோசே பிள்ளைகளை விசாரிப்பேன் என்றார், எசேக்கியேல் வந்து பாவம் செய்கிறவனே சாவான் என்று அதை நீக்கினார். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! இன்னொரு பக்கம் ஒங்கெலோஸ் என்ற பழைய அரமேய மொழிபெயர்ப்பு அந்த வசனத்திலேயே, பிள்ளைகளும் அப்பாமாரைப் போலப் பாவத்தில் தொடர்ந்தால், என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் 1965இல் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. எழுதியவர் என்ன சொல்ல வந்தார், எந்த இலக்கிய வகையில் சொன்னார் என்று தேட வேண்டும், ஆனால் வேதம் முழுவதையும் ஒன்றாக வைத்து, திருச்சபையின் மரபுக்குள் நின்று வாசிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மரபு என்றதும் எங்கள் புரொட்டஸ்தாந்து சகோதரர்களுக்கு முகம் சுருங்கும், தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த ஹோலில் அன்று இருந்தவர்களில் ஒருவராவது எழும்பி ஐயா இது எங்கள் சபை நம்புவது இல்லையே என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இரவு முழுக்க அழுதிருக்க மாட்டா. தனி ஒருத்தர், கையில் ஒரு வசனம், கேள்வி கேட்க ஆள் இல்லை. அதுதான் பயங்கரம்.

(பகிடி இல்லை, எங்கள் ஆட்களும் இதில் சுத்தம் இல்லை. வம்ச மரத்தைக் குணமாக்குவது என்று தியானங்களில் வம்சாவளி எழுதச் சொல்கிறவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள்.)

வார்டு ஏழு

இறையியல் படித்தவர்கள் கதையுங்கள், நான் தாதி. ஒரு கேள்வி. அத்தானைப் பரிசோதித்தார்களா? ஒன்பது வருடம் என்கிறீர்கள், அக்கா எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருப்பா என்று எனக்குத் தெரியும், அத்தான் எத்தனை தரம் போனார்? ஆண் பக்கத்தில் காரணம் இருப்பது ஒன்றும் அபூர்வம் இல்லை. அந்த ஊழியக்காரரும் பெண்ணின் அம்மம்மாவைத்தான் எண்ணினார். அத்தானின் அப்பப்பாவை ஏன் எண்ணவில்லை? யாத்திராகமத்தில் "பிதாக்களுடைய அக்கிரமம்" என்றுதானே இருக்கிறது, அம்மம்மாமாருடைய என்று இல்லையே.

ஜெபவீரன்

@வார்டு ஏழு இது நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன்.

நான் சாபம் என்று ஒன்று இருக்கிறது என்கிறேனே தவிர, பிள்ளை இல்லாத ஒருத்தியைச் சபையாருக்கு முன்னால் வைத்து விரல் விட்டு எண்ணுவது சரி என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கு விஷயத்தில் நான் மாற மாட்டேன். அப்போஸ்தலர் 19:19 தெளிவாக இருக்கிறது, எபேசுவில் கொண்டுவந்து எரித்தார்கள்.

கொழும்புச் செட்டி

எபேசுவில் எரித்தது மாயவித்தைப் புத்தகங்களை. யாருடைய புத்தகங்கள்? அவர்களுடைய சொந்தப் புத்தகங்கள், அவர்களே மனம் வந்து கொண்டுவந்தார்கள், விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று லூக்கா கணக்கும் எழுதியிருக்கிறார். பவுல் வீடு வீடாகப் போய் ஹோல் மூலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நடந்த ஒரு சம்பவத்தைக் கட்டளையாக மாற்றினால், அதே புத்தகத்தில் எல்லாரும் சொத்தை விற்றுப் பொதுவில் வைத்தார்களே, அதையும் அந்த ஊழியக்காரர் செய்யட்டும் பார்ப்போம்.

குத்துவிளக்கு ஏற்றாத கிறிஸ்தவ விழா கொழும்பில் எங்கே இருக்கிறது? உச்சியில் சேவலுக்குப் பதிலாகச் சிலுவையை வைத்துவிட்டு பிஷப்மாரே ஏற்றுகிறார்கள்.

சைவர் கை பட்டது எல்லாம் சாபம் என்றால் நீங்கள் கையில் வைத்திருக்கிற தமிழ் பைபிளையும் எரிக்க வேண்டிவரும். ஆறுமுக நாவலர் கை வைத்த பைபிள் அது!

பழைய மெதடிஸ்ட்

செட்டியார், பாதி சரி. நாவலர் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து திருத்தியது 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. அது நிலைக்கவில்லை. இப்போது புரொட்டஸ்தாந்து வீடுகளில் இருப்பது அதற்குப் பிறகு பவர் பாதிரியார் தலைமையில் வந்த பதிப்பு, 1871. ஆனால் அவருக்கும் பக்கத்தில் முத்தையா பிள்ளை என்ற தமிழ் வித்துவான் இருந்தார். பழைய மொழிபெயர்ப்புகளை எல்லாம் ஒப்பிட்டுத்தான் அதைச் செய்தார்கள். வேதம் என்ற சொல்லே எங்கே இருந்து வந்தது? ஊரில் எங்களை வேதக்காரர் என்றுதானே சொல்வார்கள்.

மொழிபெயர்ப்பு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. "கற்பனை" என்ற சொல். "என் கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறவர்களுக்கு" என்று வாசித்தால் இன்றைக்கு ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை என்ன விளங்கும்? ஒரு வருடம் வகுப்பில் ஒருவன் எழும்பி, சேர், கடவுள் கதை எழுதுகிறவரா என்று கேட்டான். அந்தக் காலத் தமிழில் கட்டளை என்ற பொருள். நூற்றைம்பது வருடத்துத் தமிழையே பிழையாக விளங்குகிற நாங்கள், ஆயிரக்கணக்கான வருடத்து எபிரெயத்தை மட்டும் ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டோம் என்று நினைக்கிறோம்.

கொட்டாஞ்சேனை அந்தோனி

எபிரெயம் என்றதால் சொல்கிறேன். 20:5இல் "விசாரிக்கிறவர்" என்று இருக்கிறதே, அந்த எபிரெய வினைச்சொல் பாகத். வந்து பார், கவனி, கணக்குப் பார் என்று அதற்குப் பல பொருள். ஆதியாகமம் 21:1இல் கர்த்தர் சாராள்பேரில் "கடாட்சமானார்" என்பது அதே சொல். 1 சாமுவேல் 2:21இல் அன்னாளைக் "கடாட்சித்தார்" என்பதும் அதே சொல்தான். பிள்ளை இல்லாத இரண்டு பெண்களையும் தேவன் வந்து பார்த்தார் என்கிற சொல்லை வைத்து இங்கே ஒரு பெண்ணின் வயிற்றை அடைத்திருக்கிறார்கள்.

பழைய மெதடிஸ்ட்

அழகாக இருக்கிறது, ஆனால் கவனம். அடிச்சொல் ஒன்று என்பதற்காகப் பொருளும் ஒன்று என்று எடுக்க முடியாது. சுகம் விசாரிப்பதும் பொலிஸ் விசாரிப்பதும் எங்களுக்கும் ஒரே சொல்தான். பிரசங்கிமார் செய்கிற வித்தையை நாங்களும் செய்யக் கூடாது.

அதைவிட நேரான இடம் லூக்கா 1:6. சகரியா, எலிசபெத்து இருவரும் குற்றமற்றவர்களாய் நடந்து "தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள்". அடுத்த வசனத்திலேயே அவர்களுக்குப் பிள்ளை இல்லை. லூக்கா இதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தது சும்மா இல்லை, வாசிக்கிறவன் உடனே, ஆஹா என்ன பாவமோ, என்று நினைப்பான் என்று அவருக்குத் தெரியும். யோவான் 9உம் அதுதான். பிறவிக் குருடனைக் கண்டதும் சீஷர்கள் கேட்ட முதல் கேள்வி, யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா? இரண்டும் இல்லை என்றார் இயேசு.

கிருலப்பனைத் தம்பி

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் அக்காவிடம் போய் இவ்வளவையும் சொன்னேன். எசேக்கியேலை இருவரும் சேர்ந்து முழுதாக வாசித்தோம். பிறகு யாத்திராகமத்தில் "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்ற இடம் வந்ததும் அக்கா, அம்மம்மா யாரையும் பகைக்கவில்லையே, ஞாயிறு காலையில் அம்மாவை வெளிக்கிடுத்திச் சேர்ச்சுக்கு அனுப்பினதே அவதானே என்றா. அது எனக்குத் தெரியாத கதை.

ஆனால் லூக்கா 1 சொன்னபோது அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எலிசபெத்துக்குக் கடைசியில் பிள்ளை பிறந்ததுதானே என்றா. சாராளுக்குப் பிறந்தது, ரெபெக்காளுக்குப் பிறந்தது, அன்னாளுக்குப் பிறந்தது, பிறக்காமலே போனவளைப் பற்றி ஒன்றும் இல்லையா என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை.

வார்டு ஏழு

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. நாங்கள் எல்லாரும் வசனத்துக்கு வசனம் போட்டு வெல்லப் பார்த்தோம்.

ஜெபவீரன்

சகோதரா, நான் இனி வசனம் போடவில்லை. அக்காவின் பெயர் சொல்லாமலே ஜெபிக்கிறேன்.

பழைய மெதடிஸ்ட்

இரண்டு நாளாக இதற்கு எழுத யோசித்துக்கொண்டு இருந்தேன். தாவீதின் மனைவி மீகாள் ஒருத்தி இருக்கிறாள், சாகுமட்டும் பிள்ளை இல்லாதவள், ஆனால் அந்தக் கதையை உம்முடைய அக்காவுக்கு நான் அனுப்ப மாட்டேன்.

ஏசாயா 56ஐக் கொடும். அங்கே அண்ணகர்கள், பிள்ளை பெற முடியாத ஆண்கள், "நான் பட்டமரமென்று" சொல்லிக்கொண்டு நின்றவர்கள். கர்த்தர் அவர்களுக்குப் பிள்ளை தருவேன் என்று சொல்லவில்லை. என் ஆலயத்திலே, என் மதில்களுக்குள்ளே, குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட உத்தமமான ஓர் இடம் தருவேன் என்கிறார். கதை அதோடு நிற்கிறது, பிள்ளை பிறக்கவில்லை. எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை, தம்பி. முப்பது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். இந்த அதிகாரத்தை நான் பாடத்திட்டத்துக்காக வாசித்தவன் இல்லை.

கிருலப்பனைத் தம்பி

ஐயா, அதை அப்படியே அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. இரவு பதினொன்றுக்கு ஒரு செய்தி: விளக்கைத் தண்ணீரில் கழுவாதே, பழப்புளி போட்டுத் தேய், அம்மம்மா அப்படித்தான் செய்வா, ஞாயிற்றுக்கிழமை நான் வந்து எடுக்கிறேன்.

அத்தான் டொக்டரிடம் நேரம் எடுத்திருக்கிறார். எது எதனால் என்று கேட்காதீர்கள்.

சைவக்காரி

புளியோடு கொஞ்சம் உப்பும் போடுங்கள் தம்பி. அடியில் எண்ணெய் பிடித்த இடத்துக்கு முதலில் சாம்பல்.